இரண்டு மதிப்புரைகள், ஒரு கடிதம்: ஓர் ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போன வழி

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஒருவர், சிங்கப்பூரின் தமிழ் நாளிதழான தமிழ் முரசில் 1950களில் வந்த, மாணவர்கள் எழுதிய 'மாணவர் மணிமன்றம்' பகுதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பகுதிநேர முதுகலைப் படிப்புக்காகத் திரட்டிய தகவல்களிலிருந்து எழுதியது. அது ஓர் ஆய்விதழில் வெளிவர ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. வரலாறு, இலக்கியம், மொழி போன்ற மானிடப் புலங்களில் இது பெரிய தாமதமே இல்லை. ஆனால் இவ்வளவு காலமும் கட்டுரை யார் மேசையில் கிடந்தது, எதற்காகக் காத்திருந்தது என்று எழுதியவருக்குத் தெரியாது. இதழின் இணையப் பக்கத்தில் 'மதிப்பீட்டில் உள்ளது' என்ற வரி மட்டும் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது.

தமிழாசிரியர்களின் ஆய்வு எழுத்துக்கு உதவும் சிறிய வாசிப்புக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். கட்டுரை அனுப்பிய எல்லாருக்கும் இங்கே இதே புகார்தான்: அனுப்பினோம், காணோம். அதனால் இந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, அது போன வழியை இதழ் நடத்துபவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். கட்டுரையாளர் சம்மதித்தார். வெளியிட்ட இதழின் ஆசிரியரும் சம்மதித்தார். தன் பெயரும் இதழின் பெயரும் வரக்கூடாது, மதிப்பீட்டாளர்கள் யார் என்று கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. கூடவே இன்னும் இரண்டு பேரிடம் பேசினேன். ஒருவர் தென்கிழக்காசிய ஆய்விதழ் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர் தமிழ்நாட்டில் கல்லூரி வேலையோடு தமிழாய்விதழ் ஒன்றையும் நடத்துபவர். இனி 'இதழாசிரியர்' என்று மட்டும் சொன்னால் கட்டுரையை வெளியிட்டவரைக் குறிக்கும். மற்ற இருவரை ஓய்வுபெற்றவர், தமிழ்நாட்டுக்காரர் என்றே சொல்கிறேன்.

வெளியே இருப்பவர்களுக்கு இதழாசிரியர் என்றால் வாசற்காவலர். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதே அவர் வேலை என்று தோன்றும். மூவரிடமும் பேசிய பிறகு எனக்குப் பட்டது வேறு. அவர்கள் அதிக நேரம் செலவிடுவது ஆள் தேடுவதில். அதிக மூளை செலவிடுவது ஒரு கடிதத்தில். கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பீட்டாளர்களின் மதிப்புரைகள் வந்தபின் எழுதியவருக்குப் போகும் அந்த முடிவுக் கடிதம்தான் இதழாசிரியரின் சொந்தப் படைப்பு. நல்ல இதழா, சுமாரான இதழா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

முதல் இடத்தில் திரும்பி வந்தது

கட்டுரை முதலில் போனது வேறொரு இதழுக்கு. ஆங்கிலத்தில் வரும், தென்கிழக்காசியா முழுவதையும் பேசும் இதழ். மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் இரண்டே வாரத்தில் திருப்பிவிட்டார்கள். காரணம் ஒரே வாக்கியம்: எங்கள் இதழின் பரப்புக்குள் வரவில்லை.

கட்டுரையாளருக்கு இது அவமானமாகப் பட்டது. சிங்கப்பூர் தென்கிழக்காசியாவில் இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த முதல் வடிவத்தை ஓய்வுபெற்றவரிடம் காட்டினேன். அவர் முதல் மூன்று பக்கம் படித்தார், பிறகு நேராக அடிக்குறிப்புகளுக்குப் போனார். அடிக்குறிப்புகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நாள், பக்கம் எல்லாம் சுத்தமாக, தமிழ் முரசையே நேரடியாகப் பார்த்து எழுதியவை. யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியவை அல்ல. ஆனால் கட்டுரையின் கேள்வி என்ன என்பது ஒன்பதாம் பக்கத்தில்தான் வருகிறது. அதுவரைக்கும் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்ற பட்டியல். ஆய்வேட்டின் அத்தியாயத்தை அப்படியே வெட்டி அனுப்பினால் இப்படித்தான் இருக்கும் என்றார். ஆய்வேட்டில் தேர்வாளருக்கு, 'நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன்' என்று காட்ட வேண்டும். இதழ் வாசகர் அதைக் கேட்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். அவருடைய இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவையும் வியட்நாமையும் தாய்லாந்தையும் ஆராய்பவர்கள். தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி யார், 1935இல் அந்தப் பத்திரிகை எப்படித் தொடங்கியது, தமிழர் சீர்திருத்தச் சங்கம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. கட்டுரையோ இதெல்லாம் தெரிந்தவருக்கு எழுதப்பட்டிருந்தது. "பரப்புக்குள் வரவில்லை" என்ற வாக்கியத்துக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. அதை எழுத இன்னும் நான்கு வரி ஆகியிருக்கும். அந்த நான்கு வரிக்கு நேரமில்லை என்று இதழாசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இங்கே கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கு ஆய்விதழ் புதிதல்ல. அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை 1877இல் இங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் ஆய்விதழ் வந்தது. 1960இல் தொடங்கிய தென்கிழக்காசிய வரலாற்று ஆய்விதழ், 1970இல் தென்கிழக்காசியக் கல்வியாய்வு இதழாக மாறி இன்றும் வருகிறது. 'சோஜர்ன்' என்ற தென்கிழக்காசியச் சமூக ஆய்விதழ் 1986இலிருந்து. எல்லாம் ஆங்கிலம். தமிழ் பற்றிய ஆய்வுக்கு உலக அளவில் மேடை போட்டவர் தனிநாயகம் அடிகள். அவர் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' இதழும் ஆங்கிலந்தான். அவர் பின்னாளில் பணியாற்றிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அந்தத் துறையின் தமிழ்ப் பகுதிக்காகச் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், மக்கள் கொடுத்தார்கள். அப்புறம் துறை கோலாலம்பூருக்குப் போய்விட்டது. விளைவு, சிங்கப்பூர்த் தமிழைப் பற்றி எழுதுபவர் இன்றும் இரண்டு வாசல்களுக்கு நடுவில் நிற்கிறார். இங்கிருக்கும் ஆங்கில இதழ்களில் தமிழ் தெரிந்தவர் குறைவு. தமிழ்நாட்டுத் தமிழ் இதழ்களில் சிங்கப்பூர் தெரிந்தவர் குறைவு.

ஆள் தேடல்

இரண்டாவதாகக் கட்டுரை போன இடம் தெற்காசியாவையும் புலம்பெயர்ந்த சமூகங்களையும் பேசும் ஓர் இதழ். அதன் இதழாசிரியர் படித்தார், பிடித்தது, மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தார். இதுவரை ஒரு மாதம். அதற்குப் பிறகு ஏழு மாதம் கட்டுரை எங்கும் போகவில்லை. 'மதிப்பீட்டில் உள்ளது' என்று திரையில் இருந்த அந்த ஏழு மாதமும் அதை மதிப்பிட யாருமே இல்லை.

வெளியாளுக்கு இது விந்தையாக இருக்கும். மானிடப் புல இதழ்களில் வழக்கம் இது: எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுக் கட்டுரையை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். யார் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரியாது. யார் படித்தது என்று எழுதியவருக்குத் தெரியாது. படிப்பவருக்குக் காசு கிடையாது. நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையைப் படிக்க யார் வேண்டும்? 1950களின் செய்தித்தாள் தமிழை நிதானமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மலாயாவின் அன்றைய அரசியல் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மதிப்புரை எழுத வேண்டும். எழுதியவருக்கு உறவோ நண்பரோ பழைய மாணவரோ மேற்பார்வையாளரோ ஆகக்கூடாது. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு. அதில் தமிழ் ஆய்வு செய்பவர்களை எண்ணினால் எல்லாரையும் இங்குள்ள லிட்டில் இந்தியாவான தேக்காவில் ஒரே சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துவிடலாம். ஒருவருக்கொருவர் தெரியாதவர் என்று யாரும் இருக்கப்போவதில்லை.

இதழாசிரியர் ஒன்பது பேரைக் கேட்டிருக்கிறார். பெயர்களை மறைத்துவிட்டு, வந்த பதில்களை எனக்கு வாசித்துக் காட்டினார். சிலரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் பருவம். ஒருவர், 'மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்' என்றார். கேட்டபோது இன்னும் மூன்று மாதம் என்றார். ஒருவர் இந்த ஆய்வேட்டையே தேர்வாளராகப் படித்தவர், அதனால் முடியாது. இன்னொருவர் எழுதியதுதான் எனக்கு மனத்தில் நின்றது: தலைப்பைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது, தேசிய நூலகத்தில் அவர் இதைப் பற்றிப் பேசியபோது முன்வரிசையில் இருந்தேன்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது பெரிய மொழிகளின் சௌகரியம். ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதினால் மறைந்துகொள்ள இடம் உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் இதழியலைப் பற்றி எழுதினால் தலைப்பே கையெழுத்து. இதை மூன்று பேருமே ஒப்புக்கொண்டார்கள், ஆனால் மூன்று விதமாகச் சமாளிக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர் பெயரை எடுப்பார், எல்லாருக்கும் தெரியும் என்று அவருக்கும் தெரியும், அதோடு விட்டுவிடுவார். ஓய்வுபெற்றவர் இப்படிப்பட்ட கட்டுரைகளை வெகு தொலைவில் இருப்பவருக்கு, அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்புவாராம். நடுநிலை கிடைக்கும், உள்ளூர்ச் செய்தி தெரியாமல் போகும்.

நம் இதழாசிரியர் செய்தது மூன்றாவது வழி. எல்லாத் தகுதியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு வேலையைப் பிரித்தார். தமிழ் படிக்கத் தெரியாத, மலாயா வரலாறு நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், 'வாதம் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்' என்றார். சிங்கப்பூரைப் பற்றி அதிகம் தெரியாத, தமிழ்ப் பத்திரிகைகளில் தோய்ந்த ஒருவரிடம், 'சான்றுகளையும் மொழிபெயர்ப்பையும் பாருங்கள்' என்றார். இரண்டு பேரையும் வகை சொல்லி விவரித்தாரே தவிர, யார் என்பதற்கு மூச்சுக்கூட விடவில்லை. கேட்பதைச் சுருக்கியதும் இருவரும் உடனே சம்மதித்தார்களாம். பிஸியான ஆளிடம் முழுக் கட்டுரையையும் எடைபோடச் சொல்வதைவிட ஒரு குறிப்பான கேள்வி கேட்பது எளிது. மற்ற இதழ்கள் இதை ஏன் செய்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு மதிப்புரைகளும் நேர் எதிராக

வரலாற்றாளரின் மதிப்புரை ஒரே கேள்வியைச் சுற்றி இருந்தது. மணிமன்றத்தில் பிள்ளைகள் கதையும் கவிதையும் எழுதிப் பழகிய அதே ஆண்டுகளில், சிங்கப்பூரில் 'மாணவர்' என்ற சொல்லே அரசியல் சூட்டோடு இருந்தது. 1954 மே 13ஆம் தேதி சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தேசிய சேவைப் பதிவை எதிர்த்துத் திரண்டு காவல்துறையோடு மோதினார்கள். அதே மாதம் மலாயாப் பல்கலைக்கழகச் சோஷலிசக் கழக மாணவர்கள் எட்டுப் பேர் தங்கள் கழகத்தின் 'ஃபஜார்' இதழில் வந்த கட்டுரைக்காகத் தேசநிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார்கள், பிறகு விடுதலையானார்கள். இந்தச் சூழலில் ஒரு தமிழ் நாளிதழ் மாணவர்களுக்கென்று பக்கம் ஒதுக்குவதற்கு என்ன பொருள்? அரசியலுக்கு மாற்றாகவா, அரசியலுக்குப் பயிற்சியாகவா? கட்டுரை இதைத் தொடவே இல்லை என்றார். தமிழ் தெரியாதவர் கேட்ட கேள்வி இது. கட்டுரையிலேயே சிறந்த பகுதி பின்னால் இதிலிருந்துதான் வந்தது.

தமிழ்ப் பத்திரிகை அறிந்தவரின் மதிப்புரை வேறு ஊரில் இருந்தது. கோட்பாடு அதிகம், பெயர்கள் குறைவு. யார் யார் எழுதினார்கள், எந்தப் புனைபெயரில், பிற்பாடு எழுத்தாளரானவர்கள் யார் என்று பட்டியல் வேண்டும். மேற்கோள்களைத் தமிழ் எழுத்திலேயே தர வேண்டும். தமிழ்நாட்டுச் சிறுவர் இதழ்களோடு ஒப்பிட வேண்டும். இதெல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி, பள்ளி ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் எழுதுவதற்கும் ஆய்வுக்கும் வித்தியாசம் உண்டு என்கிற தொனியில்.

பெயர் மறைவு இப்படியும் வேலை செய்யும். யார் எழுதியது என்று தெரியாது என்பது விதி. பள்ளி ஆசிரியர் எழுதியது என்று தெரிந்துதான் அந்த வரி வந்திருக்கிறது.

அந்த வரியை இதழாசிரியர் வெட்டிவிட்டார். வெட்டியதை அதை எழுதியவருக்கும் தெரிவித்தார். இதைப் பற்றி மூவருக்கும் இடையே பெரிய வேறுபாடு. ஓய்வுபெற்றவர், மதிப்புரையில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடமாட்டேன் என்கிறார். தொட்டால் அப்புறம் அது யாருடைய கருத்து என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டுக்காரர், கூர்மையான எல்லாவற்றையும் தேய்த்து, தன் நடையிலேயே மறுபடி எழுதி அனுப்புவாராம். 'புள்ளைங்க மனசு ஒடஞ்சுடும் சார்' என்றார். எனக்கு நடுவழிதான் சரி என்று படுகிறது, ஆனால் மதிப்பீட்டாளருக்குச் சொல்லிவிட்டு வெட்ட வேண்டும். சொல்லாமல் வெட்டினால் அவர் அடுத்த கட்டுரையிலும் அதே வரியை எழுதுவார்.

கடிதம்

எளிய வழி ஒன்று இருந்தது. 'இரு மதிப்புரைகளையும் இணைத்துள்ளோம், அவற்றின்படி திருத்தி அனுப்பவும்' என்று எழுதிவிடலாம். நிறைய இதழ்கள் அதைத்தான் செய்கின்றன. ஒருவர் கோட்பாடு வேண்டாம் என்கிறார், மற்றவர் பெரிய கேள்வி கேள் என்கிறார். ஒருவருக்குப் பட்டியல் வேண்டும், மற்றவருக்கு வாதம் வேண்டும். எழுதியவர் இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டு, இருவரையும் திருப்திப்படுத்தப் பார்த்து, கட்டுரையைக் கெடுத்துவிடுவார். அல்லது விட்டே விடுவார்.

வந்த கடிதம் இரண்டு பக்கம். கட்டுரையாளர் எனக்குப் படிக்கக் கொடுத்தார். அதில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரலாற்றாளரின் கேள்வியை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாம் பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள். கோட்பாட்டுப் பகுதியில் ஒரு பத்தி போதும், மீதியை எடுத்துவிடுங்கள். மணிமன்றத்தில் எழுதியவர்களின் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தாருங்கள். வேறெங்கும் இல்லாத பட்டியல், இதை நாளைக்குப் பத்துப் பேர் பயன்படுத்துவார்கள். தமிழ் மேற்கோள்களைத் தமிழ் எழுத்தில் தாருங்கள், எங்கள் அச்சுக்கோப்பவரோடு நான் பேசிக்கொள்கிறேன். தமிழ்நாட்டுச் சிறுவர் இதழ்களோடு ஒப்பிடச் சொல்வதை விட்டுவிடுங்கள், அது வேறு கட்டுரை. கடைசியாக, நீங்கள் பள்ளியில் பணிபுரிகிறீர்கள் என்று தெரிகிறது, ஜூன் விடுமுறை முடியும்வரை அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்புரையில் சொன்ன ஒன்றை 'விட்டுவிடுங்கள்' என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அதற்கு இதழாசிரியர் கட்டுரையைத் தானே மூன்றாம் ஆளாக முழுக்கப் படித்திருக்க வேண்டும். படித்திருக்கிறார். இரண்டு வார இறுதிகள் போயின என்று சொன்னார், சலிப்பாகச் சொல்லவில்லை. "அக்கா, வெறும் மதிப்புரை ரெண்டும் வந்திருந்தா நான் அந்த ஃபைலையே திறந்திருக்க மாட்டேன்" என்றார் கட்டுரையாளர்.

இதழாசிரியர் இவ்வளவு தீர்மானம் எடுப்பது ஆபத்தில்லையா என்று ஓய்வுபெற்றவரிடம் கேட்டேன். அவர் 1996ஐ நினைவுபடுத்தினார். இயற்பியலாளர் ஆலன் சோக்கல் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கட்டுரையை 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற இதழ் வெளியிட்டு மாட்டிக்கொண்டது. அந்த இதழ் அப்போது கட்டுரைகளை வெளி மதிப்பீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆசிரியர் குழுவின் தீர்மானம்தான். ஆக, இதழாசிரியரின் ரசனையை மட்டும் நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு அது சாட்சி என்றார். உண்மைதான். ஆனால் இங்கே நடந்தது அதுவல்ல. இருவரின் மதிப்புரையும் வந்தபின், அவற்றுக்கு நடுவில் நின்று பெயர் போட்டு முடிவு சொல்வது வேறு. இந்த முழு ஏற்பாட்டிலும் பெயர் தெரிந்தவர் இதழாசிரியர் ஒருவர்தான். பெயர் மறைவு வெறும் சடங்காகிப்போன நம்மைப் போன்ற சின்ன வட்டத்தில், பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேறு யாரும் இல்லை.

பெயர், எழுத்துரு, இன்ன பிற

ஏற்றுக்கொண்ட பிறகும் வேலை இருந்தது. இது இதழாசிரியர்கள் ஆசையோடு புலம்பும் பகுதி.

முதல் தலைவலி பெயர். ஆங்கில ஆய்விதழ்களின் மேற்கோள் முறை எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நம்புகிறது. நமக்குத் தலைப்பெழுத்து. கணினி அதைப் பிரிக்கத் தெரியாமல் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, தரவுத்தளத்தில் அப்பாவையே கட்டுரையாளராக்கிவிடுகிறது. திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகள் மூன்று ஆட்கள் பெயரில் சிதறிக் கிடப்பதை இதழாசிரியர் திரையில் காட்டினார். 2012இல் வந்த 'ஆர்க்கிட்' எண் இதற்கு ஓரளவு மருந்து. ஆய்வாளருக்கு ஒரே எண், பெயர் எப்படி மாறினாலும். எங்கள் குழுவில் எல்லாரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறைப்படி புள்ளியும் கோடும் போட்டு எழுதுவது ஆய்வுலக வழக்கம். அப்படிச் 'சாரங்கபாணி' என்று எழுதினால், தேசிய நூலகப் பட்டியலில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய விதமே வேறு. கடைசியில் ஆட்களின் பெயர் அவரவர் எழுதியபடி, நூல், பகுதித் தலைப்புகள் மட்டும் அகராதி முறைப்படி என்று முடிவானது.

மூன்றாவது எழுத்துரு. கட்டுரையாளரின் பழைய குறிப்புகளில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில். புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. 1997இல் இணையத் தமிழுக்கான 'தமிழ்நெட் 97' மாநாடு நடந்ததே சிங்கப்பூரில்தான். இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் இருந்த நா. கோவிந்தசாமி இணையத் தமிழுக்காக உழைத்தார். இத்தனை ஆண்டு கழித்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எங்கும் பரவிய பிறகும், மெய்ப்பில் 'கொ' உடைந்து ஒற்றைக்கொம்பு தனியாக வந்து நின்றது. அயல்நாட்டு அச்சுக்கோப்பவருக்கு அது பிழை என்றே தெரியாது. தமிழ் மேற்கோள் ஒவ்வொன்றையும் படமாக அனுப்பி, இப்படித்தான் தெரிய வேண்டும் என்று காட்ட வேண்டியிருந்தது.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காமல் விட முடியவில்லை. எழுத உதவலாம், ஆனால் கட்டுரையாளராகப் பெயர் போட முடியாது என்று பதிப்பு நெறிகளுக்கான குழுவான 'கோப்' 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. காரணம், அது எதற்கும் பொறுப்பேற்க முடியாது. இதழாசிரியருக்குக் கவலை அதுவல்ல. வராத நாளில் வந்ததாக ஒரு தமிழ் முரசுச் செய்தியைக் காட்டும் கட்டுரைகள் இப்போது வருகின்றன என்றார். தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் பழைய தமிழ் முரசு இருப்பதால் பிடித்துவிட முடிகிறது. மின்தொகுப்பில் இல்லாத சிறுபத்திரிகை என்றால்?

எண்கள்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மூவருமே அப்படித்தான் செய்தார்கள். இதழ்களின் தாக்கக் காரணி என்பது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் ஓராண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின என்ற கணக்கு. மருத்துவத்துக்குப் பொருந்தலாம். எழுபது ஆண்டுக்கு முந்தைய பத்திரிகைப் பகுதியைப் பற்றிய கட்டுரையை யாரும் அடுத்த ஆண்டே மேற்கோள் காட்டப்போவதில்லை. பத்தாண்டு கழித்துக் காட்டுவார்கள். ஆனாலும் 2023இலிருந்து கலை, மானிடப் புல இதழ்களுக்கும் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்காரருக்கு வேறு கதை. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இதழ் இருந்தால்தான் கட்டுரைக்கு மதிப்பெண் என்று இருந்தது. 2018 மே மாதம் அந்தக் குழு ஒரே வீச்சில் 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அதில் நிறைய. அப்புறம் 'கேர்' என்று புதுப் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தன் இதழுக்கு வரும் கட்டுரைகளின் எண்ணிக்கை ஏறி இறங்கும், தரம் மட்டும் அப்படியே இருக்கும் என்று சிரித்தார். சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கும் 'ஏழே நாளில் வெளியீடு' என்று மின்னஞ்சல்கள் வருகின்றன. பணம் கேட்பது மட்டும் குற்றமில்லை, பெரிய பதிப்பகங்களும் கேட்கின்றன. ஏழு நாள் என்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்கு ஆள் கிடைக்கவே ஏழு மாதம் ஆனது.

நாமே ஓர் இதழ் தொடங்கினால் என்ன என்று எங்கள் குழுவில் பேச்சு வந்தது. தொடங்குவது எளிது. இதழ் நடத்தும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தொடர்வெளியீட்டு எண்ணைத் தேசிய நூலக வாரியம் தரும். அச்சிட்டால் நான்கு வாரத்துக்குள் இரண்டு படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். யோசனையைச் சொன்னதும் இதழாசிரியர் கேட்டது ஒன்றே: கடிதங்களை யார் எழுதுவார்கள்? குழுவில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. இருக்கும் இதழ்களுக்கு நாம் மதிப்பீட்டாளர்களாகப் போவது முதலில் நடக்கட்டும்.

கட்டுரை வந்த சில மாதங்களில் கட்டுரையாளருக்கே அழைப்பு வந்தது, அதே இதழிலிருந்து. படிக்க வந்தது சிங்கப்பூர்த் தமிழ் நாடகம் பற்றிய கட்டுரை. முதல் பத்தியிலேயே யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது; ஒன்றாகப் படித்தவர். 'கோப்' வழிகாட்டுதல் சொல்வதுபோல் இதழுக்குத் தெரிவித்தார். தெரிவித்தது போதும், நடுநிலையாக எழுத முடியும் என்றால் எழுதுங்கள், வேறு ஆள் இல்லை என்றார் இதழாசிரியர். 'சரி சார், எனக்குத் தெரியும் என்பது எழுதியவருக்குத் தெரியுமா?' என்று இவர் கேட்டார். தெரியாது என்றார். அப்படியென்றால் என் பெயரைப் போட்டே மதிப்புரையை அனுப்புங்கள், இல்லாவிட்டால் எழுதமாட்டேன் என்றார் இவர். இதழாசிரியர் ஆசிரியர் குழுவைக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். அந்த இதழின் மதிப்புரைப் படிவத்தில் இப்போது புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது: உங்கள் பெயரைக் கட்டுரையாளருக்குச் சொல்லலாமா, ஆம் அல்லது இல்லை.